வாக்கர், டக்கர், ஃபுல்லர்: ஒரு தொழிற்பெயரின் ஊரைத் தேடிப் பிடிக்கும் வழி

பாளையங்கோட்டையில் சாராள் தக்கர் கல்லூரி இருக்கிறது. சென்னை தியாகராய நகரில் தக்கர் பாபா வித்யாலயா இருக்கிறது. இரண்டு தக்கரும் உறவா என்று என்னிடம் கேட்டவர்கள் ஒருவர் இருவர் அல்லர். முன்னது டக்கர் என்ற ஆங்கிலத் தொழிற்பெயர், அதாவது செய்த தொழிலால் வந்த குடும்பப்பெயர். பின்னது குஜராத்திக் குடும்பப்பெயர். தமிழ் எழுத்து இரண்டுக்கும் ஒரே சட்டையை மாட்டிவிட்டது.

ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் சிலவற்றுக்கு வேர் தேடிக் கொடுத்த அனுபவத்தில் இதை எழுதுகிறேன். புதிதாகத் தேட வருபவர்கள் ஏறக்குறைய எல்லோரும் பெயரின் பொருளை முதல் நாளே கண்டுபிடித்துவிட்டு, அத்தோடு வேலை முடிந்ததாக நினைக்கிறார்கள். ஆனால் தொழிற்பெயரில் பொருளைவிட உதவுவது, அந்தச் சொல் எந்த வட்டாரத்துக்கு உரியது என்பதுதான். வாக்கர், டக்கர், ஃபுல்லர் மூன்றும் கம்பளித் துணியை மிதித்துக் கெட்டியாக்கும் ஒரே தொழிலைக் குறிப்பவை என்பதால் இவற்றையே எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்கிறேன்.

தொடங்குவதற்கு முன்: கையில் இருக்க வேண்டியவை

வீட்டில் இருக்கும் பழைய ஞானஸ்நானச் சான்றிதழ், திருமணச் சான்றிதழ், ரயில்வே அல்லது ராணுவப் பணிப் பதிவு, கல்லறைக் கல்லின் புகைப்படம் ஆகியவற்றை முதலில் திரட்டுங்கள். பைபிளின் முதல் பக்கத்தில் பிறந்த தேதிகளை எழுதிவைக்கும் வழக்கம் பல குடும்பங்களில் உண்டு. அதையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

இங்கிலாந்தின் கவுண்டி (நம் மாவட்டம் போன்ற பிரிவு) எல்லைகளைக் காட்டும் வரைபடம் ஒன்று வேண்டும். 1974-இல் அந்த எல்லைகள் பெரிய அளவில் மாற்றப்பட்டன. எனவே அதற்கு முந்தைய வரைபடமே பயன்படும். இன்றைய வரைபடத்தை வைத்துக்கொண்டு பழைய பதிவைத் தேடினால் ஊர் தவறான கவுண்டியில் போய் விழும்.

இணையத்தில் பழைய பதிவுகளைத் தேட உதவும் ஃபேமிலிசர்ச், ஃப்ரீபிஎம்டி, ஃப்ரீரெக் தளங்கள் மூன்றும் இலவசம். இந்தியாவில் வாழ்ந்த பிரிட்டிஷ் குடும்பங்களுக்கு ஃபிபிஸ் சங்கத்தின் அட்டவணை இருக்கிறது. கட்டணத் தளங்களுக்கு இப்போதே பணம் கட்ட வேண்டாம். எந்த ஊர், எந்தக் காலம் என்று தெரியாமல் சந்தா கட்டியவர்கள் முதல் மாதம் முழுவதும் வேறு யாருடைய தாத்தாவையோ தேடிக்கொண்டிருப்பார்கள்.

1. பெயரை ரோமன் எழுத்தில் உறுதிசெய்யுங்கள்

தமிழில் எழுதிய பெயரிலிருந்து தேடலைத் தொடங்கவே கூடாது. நம் எழுத்தில் ‘ட’வும் ‘த’வும் இடம் மாறும், ‘ஃப’ பல நேரம் ‘ப’ ஆகும். பழைய சபைப் பதிவேடு ஒன்றில் ‘புல்லர்’ என்று இருந்தால் அது ஃபுல்லரா, புல்லரா, ஃபௌலரா என்று தமிழை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது.

ரோமன் எழுத்தில் கிடைத்த பிறகும் ஒரே வடிவத்தோடு நிற்காதீர்கள். நூறு ஆண்டுகளுக்கு முந்தைய குமாஸ்தா காதில் விழுந்ததைத்தான் எழுதினார். டக்கர், டூக்கர், டக்கரில் ஒரு ‘கே’ குறைந்தது, கூடியது என்று எல்லா வடிவங்களையும் ஒரு தாளில் எழுதிவைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் தேடுங்கள்.

2. சொல்லின் பொருளுக்கு முன் தொழிலைப் படியுங்கள்

அகராதியைத் திறக்கும் முன் அந்தத் தொழில் எப்படி நடந்தது என்று தெரிந்துகொள்ள வேண்டும். தொழில் எந்த நிலத்தில் நடக்கும் என்று தெரிந்தால்தான் பெயர் எந்த நிலத்தில் முளைத்திருக்கும் என்று ஊகிக்க முடியும்.

தறியிலிருந்து இறங்கிய கம்பளித் துணி எண்ணெய்ப் பிசுக்கோடும் இழைகளுக்கு நடுவே இடைவெளியோடும் இருக்கும். அதைத் தொட்டியில் போட்டு, புளித்த சிறுநீரும் ஒருவகைக் களிமண்ணும் சேர்த்துக் காலால் மிதிப்பார்கள். அழுக்கு போகும், இழைகள் ஒன்றோடொன்று சிக்கித் துணி சுருங்கிக் கெட்டியாகும். பிறகு மரச் சட்டங்களில் கொக்கி மாட்டி இழுத்துக் காயவைப்பார்கள். அந்தக் களிமண்ணின் உறவு நமக்கும் தெரிந்ததுதான். முகத்தில் பூசிக்கொள்ளும் முல்தானி மட்டி அதே இனத்து மண்.

12-ஆம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து இந்த வேலையைத் தண்ணீரால் ஓடும் ஆலைகள் எடுத்துக்கொள்ளத் தொடங்கின. கால்கள் செய்த வேலையை மரச் சம்மட்டிகள் செய்தன. ஆலைக்கு வேகமாக ஓடும் ஓடை வேண்டும். ஆகவே தொழில் நகரத்தைவிட்டு ஓடைக்கரைக் கிராமங்களுக்கு நகர்ந்தது. பெருநகரப் பதிவுகளை மட்டும் புரட்டுபவர்கள் தவறவிடுவது இந்த ஓடைக்கரைகளைத்தான்.

3. அதே தொழிலுக்கு இருந்த எல்லாச் சொற்களையும் வட்டாரத்தோடு எழுதுங்கள்

இந்தப் படிக்கு ஒரு வாரம் ஆனாலும் கவலைப்பட வேண்டாம். மற்ற எல்லாப் படிகளும் இதன்மேல்தான் நிற்கின்றன.

துணி மிதிப்பவருக்கு இங்கிலாந்தின் தென்கிழக்கிலும் கிழக்கு ஆங்கிலியாவிலும் ஃபுல்லர் என்று பெயர். தென்மேற்கில், அதாவது டெவன், சாமர்செட், கார்ன்வால் பக்கம், டக்கர். வடக்கிலும் மேற்கு மிட்லண்ட்ஸ் பகுதியிலும் ஸ்காட்லாந்திலும் வாக்கர். வேலை ஒன்றாகவே இருந்தாலும், குடும்பத்தின் பெயர் வாக்கர் என்றால் தேடலை வடக்கிலும் டக்கர் என்றால் டெவனிலும் தொடங்கலாம். ஒரு சொல்லே பாதி நாட்டை விலக்கிக் கொடுத்துவிடுகிறது.

எக்ஸெட்டர் நகரில் நெசவாளர்களும் துணி மிதிப்பவர்களும் சேர்ந்த சங்கத்துக்கு 1471-இல் கட்டிய கூடம் இன்றும் ‘டக்கர்ஸ் ஹால்’தான். அதே சங்கம் யார்க்‌ஷயரில் இருந்திருந்தால் அந்தப் பெயர் வந்திருக்காது.

புதியவர்கள் சறுக்கும் இடம் இன்றைய ஆங்கிலத்தை வைத்துப் பொருள் சொல்வது. வாக்கர் என்றால் நடப்பவர், டக்கர் என்றால் துணியை மடிப்பவர், ஃபுல்லர் என்றால் நிறைப்பவர் என்பார்கள். மூன்றும் தவறு. வாக்கரின் வேர் உருட்டுதல், புரட்டுதல் என்ற பொருளுள்ள பழைய ஆங்கிலச் சொல். நடப்பது என்ற பொருள் அந்தச் சொல்லுக்குப் பிற்பாடு வந்தது. டக்கரின் வேருக்குத் துன்புறுத்துதல் என்று பொருள். துணி பட்ட பாட்டை நினைத்தால் பொருத்தம்தான். ஃபுல்லர் லத்தீனிலிருந்து வந்தது.

வட்டாரப் பட்டியல் சரிதானா என்று பார்க்க ஊர்ப்பெயர்களை நாடுங்கள். மனிதர்கள் இடம்பெயர்வார்கள், ஊர் பெயராது. கார்ன்வாலில் கேம்போர்ன் அருகே டக்கிங்மில் என்ற ஊர் இருக்கிறது. வடக்கில் வாக்மில் என்ற பெயர்கள் கிடைக்கும். வேல்ஸில் இந்த ஆலைக்கு ‘பாண்டி’ என்று பெயர். டோனிபாண்டி என்ற சுரங்க ஊரின் பெயரில் ஒட்டியிருப்பது அதுதான். நம் பாண்டிக்கும் இதற்கும் தொடர்பு தேடிக் கட்டுரை எழுதிவிடாதீர்கள்.

நெசவிலும் இப்படியே வெப், வெப்பர், வெப்ஸ்டர், வீவர் என்று நான்கு பெயர்கள் இருக்கின்றன. வெப்பர் தென்மேற்கில் அடர்த்தி, வெப்ஸ்டர் வடக்கில். உங்கள் குடும்பப்பெயர் வேறு தொழிலைச் சேர்ந்ததானாலும் இதே முறையில் ஒரு பட்டியல் போடலாம்.

4. வேறு வேர் இல்லை என்று காட்டுங்கள்

ஒரே எழுத்து வடிவத்துக்குப் பல தாய்கள் இருக்கலாம். நியூகாசில் அருகே வாக்கர் என்று ஓர் ஊரே உண்டு. அங்கிருந்து வந்தவர் ஊர்ப்பெயரால் வாக்கர் ஆகியிருக்கலாம். பறவை பிடிப்பவரான ஃபௌலர் எழுத்துக் குழப்பத்தில் ஃபுல்லர் பக்கம் சாய்ந்திருக்கலாம். அயர்லாந்தில் ஓ டுவாஹர் என்ற கேலிக் மொழிக் குலப்பெயர் ஆங்கிலத்தில் டக்கர் ஆன இடங்கள் உண்டு. அதற்கும் துணிக்கும் உறவில்லை. ஜெர்மனியிலிருந்து அமெரிக்கா போன டூகர் குடும்பம் அங்கே டக்கர் ஆகியிருக்கலாம். ஸ்காட்லாந்து மலைப்பகுதியில் ‘துணி மிதிப்பவரின் மகன்’ என்ற கேலிக் மொழிப் பெயரை அப்படியே மொழிபெயர்த்து வாக்கர் ஆனவர்களும் இருக்கிறார்கள்.

45,000-க்கும் மேற்பட்ட பெயர்களோடு ஆக்ஸ்ஃபோர்டு 2016-இல் வெளியிட்ட பிரிட்டன், அயர்லாந்து குடும்பப்பெயர் அகராதியைப் பார்க்க வேண்டிய கட்டம் இதுதான். அது ஒவ்வொரு பெயருக்கும் பழைய பதிவுகளை ஆண்டோடும் ஊரோடும் தருகிறது. கேடயம் போட்டு ‘குடும்பச் சின்னம்’ விற்கும் தளங்களை நம்ப வேண்டாம். இங்கிலாந்தில் சின்னம் தனி மனிதருக்கும் அவர் வழிவந்தவர்களுக்கும் கொடுக்கப்படுவது. அந்தப் பெயர் வைத்த எல்லோருக்கும் உரியதாக ஒரு சின்னமும் கிடையாது.

5. பதிவில் இருப்பது குடும்பப்பெயரா, அன்றைய வேலையா?

இங்கிலாந்தில் குடும்பப்பெயர்கள் பரம்பரையாக நிலைத்தது ஏறத்தாழ 1100-க்கும் 1400-க்கும் இடையில். தெற்கில் முன்னதாகவும் வடக்கில் பின்னதாகவும் நடந்தது. அந்தக் காலத்துப் பதிவில் ‘வாக்கர்’ என்று கண்டால் உடனே மூதாதை என்று குறித்துவிடாதீர்கள். அது அவர் அன்று செய்துகொண்டிருந்த வேலையாக மட்டும் இருக்கலாம். அவர் மகன் தையல்காரனாகி டெய்லர் என்று பதிவாகியிருக்கலாம்.

சோதிக்க ஒரு வழி உண்டு. 1377, 1379, 1381 ஆண்டுகளில் தலைவரி வாங்கினார்கள். கடைசி இரண்டிலும் பல இடங்களில் பெயரோடு தொழிலையும் எழுதியிருக்கிறார்கள். பெயர் வாக்கர், தொழிலும் துணி மிதிப்பு என்றால் அது அன்றைய அடைமொழியாக இருக்கலாம். பெயர் வாக்கர், தொழில் கொல்லர் என்றால் பெயர் தொழிலைவிட்டுப் பிரிந்து பரம்பரையாகிவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம். 1381-இல் அந்த வரியை எதிர்த்துக் கலகம் செய்த வாட் டைலர் விஷயத்திலேயே, டைலர் என்பது பெயரா, ஓடு வேயும் வேலையா என்ற கேள்வி எழுகிறது.

இன்னொரு பள்ளம், பதிவுகள் லத்தீனில் இருப்பது. உள்ளூரில் டக்கர் என்று அழைத்தாலும் வாக்கர் என்று அழைத்தாலும் குமாஸ்தா ‘ஃபுல்லோ’ என்ற ஒரே லத்தீன் சொல்லைப் போட்டுவிடுவார். அதைக் கண்டு ஃபுல்லர் என்று மாற்றி எழுதினால், மூன்றாம் படியில் போட்ட வட்டாரப் பட்டியலே குட்டிச்சுவராகும். லத்தீனில் இருந்தால் லத்தீனிலேயே குறித்துக்கொள்ளுங்கள்.

நம் ஊரில் மட்டும் நடக்கும் தவறு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். தொழிற்பெயரைப் பார்த்ததும் அதைச் சாதிப்பெயராக வாசிக்கிறோம். ‘அப்படியானால் வாக்கர் எல்லாம் அங்கே துணி வெளுக்கும் சாதியா?’ என்று ஒரு பெரியவர் என்னிடம் கேட்டார். இல்லை. ஒரு வாக்கர் குடும்பத்துக்கும் அடுத்த ஊர் வாக்கர் குடும்பத்துக்கும் பெரும்பாலும் இரத்த உறவே கிடையாது. ஒவ்வோர் ஊரிலும் ஒருவர் அந்த வேலை செய்தார், ஒவ்வோர் ஊரிலும் தனித்தனியாகப் பெயர் முளைத்தது. தொழில் மகனோடு நின்றிருக்கலாம், பெயர் எழுநூறு ஆண்டுகள் ஓடியிருக்கலாம்.

6. 1881-இல் நின்று வரைபடம் போடுங்கள்

1881 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு முழுவதும் ஃபேமிலிசர்ச்சில் இலவசமாகத் தேடக் கிடைக்கிறது. கவுண்டிவாரியாக உங்கள் பெயர் எத்தனை பேருக்கு இருந்தது என்று எண்ணுங்கள்.

எண்ணிக்கையை அப்படியே வரைபடத்தில் ஏற்றக் கூடாது, விகிதமாக மாற்றியே ஏற்ற வேண்டும். ஒரு கற்பனைக் கணக்கைப் பாருங்கள். 20 லட்சம் பேர் உள்ள இடத்தில் 2,000 டக்கர்கள் என்றால் ஆயிரத்துக்கு ஒருவர். 3 லட்சம் பேர் உள்ள இடத்தில் 1,500 டக்கர்கள் என்றால் ஆயிரத்துக்கு ஐந்து பேர். எண்ணிக்கையில் முதலில் சொன்ன இடம் பெரியது, ஆனால் பெயரின் வீடு இரண்டாவது இடம். எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் எந்தப் பெயரும் லண்டனில் பிறந்ததாகவே தெரியும்.

7. ஆளைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கி நடங்கள்

வரைபடம் பெயருக்கானது. இனி உங்கள் குடும்பத்து மனிதரைப் பின்தொடர வேண்டும். எப்போதும் தெரிந்ததிலிருந்து தெரியாததற்கு, ஒரு தலைமுறை விடாமல் போங்கள். 14-ஆம் நூற்றாண்டில் ஒரு வாக்கரைக் கண்டுபிடித்துவிட்டு அங்கிருந்து கீழே இறங்கிவந்த ஒருவர், கடைசியில் ஒட்டவே ஒட்டாத இரண்டு துண்டுகளோடு என்னிடம் வந்தார். இரண்டு ஆண்டு வேலை.

இந்தியாவில் இறந்தவர் என்றால் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ள மெட்ராஸ் திருச்சபைப் பதிவுகளில் தொடங்குங்கள். அவை 1698-இலிருந்து இருக்கின்றன. ‘என்/2’ என்ற குறியீட்டில் தேட வேண்டும். பெரம்பூரிலோ போத்தனூரிலோ கிடைத்த ஒரு திருமணப் பதிவு தந்தையின் பெயரைத் தரும். தந்தை படைவீரர் என்றால் அவருடைய சேர்க்கைப் பதிவு இங்கிலாந்து ஊரைத் தரக்கூடும். தாய் இந்தியப் பெண்ணாக இருந்தால், பழைய பதிவுகளில் அவர் பெயர் விடுபட்டிருக்கும், அல்லது ஞானஸ்நானப் பெயர் மட்டும் இருக்கும். அந்தக் கட்டத்தை வெறுமையாகவே விடுங்கள்.

கோலார் தங்க வயலில் வேலை பார்த்த குடும்பம் என்றால் கார்ன்வாலை முதலில் பாருங்கள். அங்கிருந்து சுரங்கத் தொழிலாளிகள் கோலாருக்கு வந்தார்கள். டக்கர் என்ற பெயரும் கார்ன்வாலும் கோலாரும் ஒரே கோட்டில் விழுந்தால் நல்ல தொடக்கம்.

இங்கிலாந்துக்குள் போன பிறகு வரிசை இது: கணக்கெடுப்புகள், பிறகு 1837 ஜூலையில் தொடங்கிய பிறப்பு-இறப்புப் பதிவு, அதற்கும் முன்னால் 1538-இல் தொடங்கிய ஊர்த் திருச்சபைப் பதிவேடுகள். 1841 கணக்கெடுப்பில் 15 வயதுக்கு மேற்பட்டவர்களின் வயதை ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதச் சொன்னார்கள். 39 வயதுக்காரர் 35 ஆகியிருப்பார். பிறந்த ஊரும் அதில் இருக்காது, அதே கவுண்டியா இல்லையா என்பது மட்டுமே இருக்கும். 1851-இல்தான் பிறந்த ஊர் வருகிறது. ஆகவே 1851-ஐப் பிடிக்காமல் 1841-க்குப் போகாதீர்கள்.

தேதியிலும் பொறி உண்டு. 1752-க்கு முன் இங்கிலாந்தில் ஆண்டு மார்ச் 25-இல்தான் பிறந்தது. பதிவேட்டில் பிப்ரவரி 1700 என்று இருந்தால் நம் கணக்கில் அது 1701. இதை மறந்தால் திருமணத்துக்கு முன்பே பிள்ளை பிறந்துவிட்டதாகக் குடும்பத்தின்மேல் பழி போடுவீர்கள். 1640-களிலும் 50-களிலும் உள்நாட்டுப் போரால் பல பதிவேடுகள் அறுந்துபோயிருக்கும். அங்கே முட்டிக்கொண்டால் தவறு உங்களுடையதல்ல.

8. கடல் கடந்த கிளைகளை வரைபடத்தோடு பொருத்திப் பாருங்கள்

இதுவரை போட்ட வட்டாரப் பட்டியலைச் சோதிக்கவும் இந்தப் படி உதவும். 1620-இல் மேஃப்ளவர் கப்பலில் அமெரிக்கா போன சாமுவேல் ஃபுல்லரும் எட்வர்ட் ஃபுல்லரும் நார்ஃபோக் கவுண்டியின் ரெடன்ஹால் ஊர்க்காரர்கள். கிழக்கு ஆங்கிலியா, ஃபுல்லர். பொருந்துகிறது. கண்டியில் 1854-இல் ஜான் வாக்கர் தொடங்கிய இயந்திர நிறுவனத்தின் பெயர் இலங்கைத் தேயிலைத் தொழிற்சாலைகளில் பழகிய பெயர். அவர் ஸ்காட்லாந்துக்காரர். அதுவும் பொருந்துகிறது.

பொருந்தாததும் வரும். கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைவராக இருந்த ஹென்றி செயின்ட் ஜார்ஜ் டக்கர் 1771-இல் பெர்முடாத் தீவில் பிறந்தவர். பெர்முடாவுக்குப் போன டக்கர் குடும்பம் கென்ட் கவுண்டியில் கிரேவ்ஸெண்ட் அருகேயுள்ள மில்டனிலிருந்து போனது. கென்ட் ஃபுல்லர் நிலம். டக்கர் அங்கே எப்படி? கப்பல் ஏறிய ஊர் வேறு, பெயர் பிறந்த ஊர் வேறாக இருக்கலாம் என்பதற்கு இதைவிட நல்ல அறிகுறி கிடைக்காது. பொருந்தாத இடம்தான் அடுத்து எங்கே தோண்டுவது என்று சொல்கிறது.

அமெரிக்கக் கறுப்பினக் குடும்பங்களில் வாக்கர் பெயர் மிகுதி. அவர்கள் விஷயத்தில் யார்க்‌ஷயர் ஓடைக்குப் போகாதீர்கள். அடிமைமுறை ஒழிந்தபின் எடுத்த 1870 கணக்கெடுப்பில்தான் விடுதலை பெற்றவர்களில் பெரும்பாலோர் முதன்முறையாக முழுப்பெயரோடு பதிவானார்கள். பெயர் பழைய உடைமையாளருடையதாக இருக்கலாம், தாங்களே தேர்ந்ததாகவும் இருக்கலாம். அங்கே தொடர வேண்டியது பண்ணையின் கணக்குகளை.

9. மரபணுச் சோதனை கடைசியில்

தந்தை மகன் வழியில் வரும் ஒய் குரோமோசோமைச் சோதிக்கலாம். பெயரும் அதே வழியில் வருவதால் இரண்டும் ஒத்துப்போக வேண்டும் என்று தோன்றும். லெஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2009-இல் 40 பிரிட்டிஷ் குடும்பப்பெயர்களை எடுத்துப் பார்த்தார்கள். அட்டன்பரோ போன்ற அரிய பெயர்காரர்களில் பெரும்பாலோர் ஒரே வழியினர். ஸ்மித் போன்ற பெருந்தொழிற்பெயரிலோ, தெருவில் போகும் இருவரைப் பிடித்துச் சோதித்ததைப் போன்ற முடிவுதான்.

வாக்கரும் ஸ்மித்தின் பக்கம்தான். எனவே குறிப்பிட்ட இரண்டு குடும்பங்கள் உறவா என்ற கேள்வி இருந்தால் மட்டும் செலவு செய்யுங்கள். தத்துப்பிள்ளை, மாற்றாந்தந்தை பெயர், திருமணத்துக்கு வெளியே பிறந்த பிள்ளை என்று எது வேண்டுமானாலும் முடிவில் வெளிப்படலாம். வீட்டில் வயதானவர்கள் இருந்தால் முதலில் அவர்களிடம் பேசிவிடுங்கள்.

10. எழுதிவைக்கும் முறை

ஒவ்வொரு தலைமுறைக்கும் ஒரு தாள். ஒவ்வொரு தகவலுக்கும் எதிரே எந்தப் பதிவு, எந்த ஊர், எந்தத் தேதியில் பார்த்தேன் என்று எழுதுங்கள். உறுதி, சாத்தியம், ஊகம் மூன்றுக்கும் மூன்று நிற மை வைத்துக்கொள்ளுங்கள். ஊகத்தையும் உறுதிக்குரிய மையிலேயே எழுதியவர்களின் கோப்பில் அது அடுத்த தலைமுறையில் உறுதியாகிவிடுகிறது. தேடியும் கிடைக்காத பதிவுகளையும் குறியுங்கள். இல்லாவிட்டால் ஆறு மாதம் கழித்து அதே பதிவேட்டை நீங்களே மறுபடியும் புரட்டுவீர்கள்.

முதல் தாளின் தலைப்பில் பெயரை ரோமன் எழுத்தில் எழுதி, அதன் கீழே உங்கள் வீட்டுப் பதிவுகளில் வரும் தமிழ் வடிவங்கள் எல்லாவற்றையும் எழுதுங்கள்: டக்கர், தக்கர், டூக்கர். பிற்பாடு கோப்பைத் திறக்கும் பேரப்பிள்ளை தியாகராய நகருக்கு பஸ் ஏறாமல் இருப்பான்.